கறுப்பு நட்சத்திரங்கள் – 17: மூன்றாம் ஆள்

பந்து காற்றில் இருக்கிறது.

போன வாரம் அங்கேதான் நிறுத்திவிட்டுப் போனேன். ஏழு நாளாக அது ஜோகன்னஸ்பர்க் குளிரில் அந்தரத்திலேயே தொங்குகிறது. திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், பரவாயில்லை. இன்று இறக்கிவிடுகிறேன்.

உலகக் கோப்பைக் காலிறுதி. சாக்கர் சிட்டி மைதானம். 84,017 பேர். கூடுதல் நேரமும் முடியப்போகிறது. கானா 1, உருகுவே 1. உருகுவே கோல்கீப்பர் முஸ்லேரா பந்தைப் பிடிக்க வெளியே வந்து ஏமாந்துவிட்டார். கோல் கோட்டின் மேல் இரண்டே பேர். ஒருவர் ஃபூசிலே, இன்னொருவர் சுவாரெஸ். இருவருமே கோல்கீப்பர் இல்லை. பந்து அவர்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

இந்தக் காட்சியை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். சுவாரெஸின் கை நினைவிருக்கும். அதற்கடுத்த நிமிடத்தில் அசமோவா கியானின் முகமும் நினைவிருக்கும்.

சரி, பந்தைத் தலையால் முட்டியது யார்?

நானும் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் விடிய விடியக் கண் விழித்து மேட்ச் பார்க்கிற ஆட்கள்தான். ஒருவர் கியான் என்றார். இன்னொருவர் அப்பியா என்றார். ஒருவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "யாரோ ஒரு பையன்" என்றார்.

மூவரில் அவர்தான் உண்மைக்குப் பக்கத்தில் வந்தவர்.

யாரோ ஒரு பையன்தான். பெயர் டொமினிக் அடியியா. வயது 20. களத்துக்குள் வந்தே முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பந்து கோட்டைத் தாண்டியிருந்தால், உலகக் கோப்பை அரையிறுதிக்குள் நுழைந்த முதல் ஆப்பிரிக்க நாடு கானா. நுழையவைத்தவன் டொமினிக். ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பையில், அந்தக் கண்டமே வீதிக்கு வந்து ஆடியிருக்கும்.

பந்தை இன்னும் கொஞ்சம் மேலேயே வைத்திருங்கள். இவன் எப்படி இங்கே வந்தான் என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

எட்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

கெய்ரோ. 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே பிரேசில். முதல் பாதியிலேயே கானாவின் டேனியல் அடோவுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர்தான். பிரேசிலுக்கு எதிராகப் பத்துப் பேர்! கதை முடிந்தது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். முடியவில்லை. 120 நிமிடம் ஒரு கோல்கூட விடாமல் நின்றார்கள். பெனால்டி ஷூட்-அவுட்டில் 4-3. இந்த வயதுப் பிரிவில் அதுவரை எந்த ஆப்பிரிக்க அணியும் கோப்பையைத் தொட்டதில்லை. தொட்டுவிட்டார்கள்.

அந்தப் போட்டித் தொடரில் அதிக கோல் அடித்தவன் டொமினிக். எட்டு. தங்கக் காலணி அவனுக்கு. தொடரின் சிறந்த ஆட்டக்காரனுக்கான தங்கப் பந்தும் அவனுக்கே. காலிறுதியில் தென்கொரியாவை 3-2, அரையிறுதியில் ஹங்கேரியை 3-2. இரண்டிலும் அவன் கோல் உண்டு.

அதே தொடரில், லீக் சுற்றில், கானாவை 2-2 என்று நிறுத்திய அணி ஒன்று உண்டு.

உருகுவே.

தங்கப் பந்து வாங்கிய பையன் அப்போது எங்கே ஆடிக்கொண்டிருந்தான் தெரியுமா? நார்வேயில். ஃப்ரெட்ரிக்ஸ்டாட் என்ற ஊரில். ஓஸ்லோவுக்குத் தெற்கே, குளோமா ஆறு கடலில் சேரும் இடம். முன்பு மர வியாபாரத்தில் கொழித்த ஊர். வோல்டா ஏரிப் பக்கம் க்பாண்டோ என்ற ஊரின் 'ஹார்ட் ஆஃப் லயன்ஸ்' கிளப்பிலிருந்து நேரே அங்கே போய் இறங்கியிருந்தான். அக்ராவில் பிறந்தவன். பதினெட்டு வயது. ஜனவரி மாத நார்வே. அந்தக் குளிரை நான் எழுத வேண்டியதில்லை.

ஐரோப்பாவுக்குப் போகிற ஆப்பிரிக்கப் பையன்களுக்கு இது வழக்கமான பாதைதான். முதலில் ஸ்காண்டிநேவியாவிலோ பெல்ஜியத்திலோ ஒரு சின்ன கிளப். சம்பளம் அளவோடு. குளிர் அளவில்லாமல். நன்றாக ஆடினால் பெரிய கிளப் ஒன்று வந்து பார்க்கும் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் யாரும் வருவதில்லை.

இவனைப் பார்க்க வந்தது ஏசி மிலான்.

ஆமாம், அதே மிலான்தான். ரொனால்டினியோ ஆடும் மிலான். பாட்டோவும் இன்ஸாகியும் இருக்கும் மிலான். பெக்காம் கடனாக வந்து சேரப்போகும் மிலான். ஐரோப்பியக் கோப்பையை ஏழு முறை வென்ற கிளப். கெய்ரோவில் கோப்பை வாங்கிய சில வாரங்களிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

மிலான் ஏன் வந்தது? இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் கோடையில்தான் அவர்கள் தங்கள் செல்லப் பிள்ளை காகாவை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றிருந்தார்கள். காரணம், பணம். வீட்டு நகையை விற்ற குடும்பம் அடுத்த விசேஷத்துக்குக் கவரிங்தானே பார்க்கும்? உலக இளைஞர் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரன் குறைந்த விலையில் கிடைக்கிறான். வாங்கிப் போடு. தேறினால் லாபம். தேறாவிட்டால் பெரிய நட்டமில்லை.

இது என் கணிப்புதான். ஆனால் பின்னால் நடந்ததையெல்லாம் பார்க்கும்போது, அவனை ஆடவைப்பதற்காகத்தான் வாங்கினார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? இருபது வயது. கையில் தங்கப் பந்து. சிவப்பு-கறுப்புச் சட்டை. தெரிந்திருந்தாலும் போயிருப்பான். நீங்களும் நானும்கூடப் போயிருப்போம்.

இப்போது ஜோகன்னஸ்பர்க்.

பந்து இன்னும் காற்றில்தான். ஆனால் ஆட்டத்தின் 88-வது நிமிடத்தைப் பார்க்காமல் அதைத் தொட முடியாது.

கானாவின் பயிற்சியாளர் மிலோவன் ராயவாட்ஸ். செர்பியாக்காரர். தலைக்கு மேல் கத்தி தொங்க வந்தவர். அவருடைய சிறந்த ஆட்டக்காரர் எஸ்ஸியன் காயம் பட்டு உலகக் கோப்பைக்கே வரவில்லை. சீனியர்கள் போதாமல், கெய்ரோவில் ஜெயித்த பையன்களை அள்ளிப் போட்டுக்கொண்டார். ஆந்த்ரே அயூ, இன்கூம், ஜோனத்தன் மென்சா, பாடு, டொமினிக். விமர்சகர்கள் சிரித்தார்கள். மற்ற ஐந்து ஆப்பிரிக்க அணிகளும் முதல் சுற்றிலேயே பெட்டியைக் கட்டிவிட்டன. கானா மட்டும் நின்றது. தென்னாப்பிரிக்க ரசிகர்கள் தங்கள் 'பஃபானா பஃபானா'வை மறந்துவிட்டு 'பாகானா பாகானா' என்று கத்த ஆரம்பித்தார்கள்.

அந்த இரவு முதல் பாதியின் கடைசி மூச்சில் முன்டாரி ஓர் உதை விட்டார். ஏறக்குறைய நாற்பது கஜத் தூரம். அந்தத் தொடர் முழுக்கக் கோல்கீப்பர்களை அழவைத்த ஜபுலானி பந்து, வழியில் வளைந்து உள்ளே போனது. கானா 1-0. இடைவேளைக்குப் பிறகு ஃபோர்லான் ஒரு ஃப்ரீ கிக். உருகுவே 1-1.

அதன் பிறகு இரண்டு அணிகளுமே களைத்துவிட்டன. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே மூச்சு சீக்கிரம் வாங்கும்.

88-வது நிமிடம். ராயவாட்ஸ் ஒரு முடிவு எடுக்கிறார்.

கோல் அடித்த முன்டாரியை வெளியே கூப்பிடுகிறார். டொமினிக்கை உள்ளே அனுப்புகிறார்.

துணிச்சலான காரியம்தான். முன்டாரி அனுபவஸ்தர். இன்டர் மிலான் ஆட்டக்காரர். ஷூட்-அவுட் என்று வந்தால் அவருடைய இடது கால் தேவைப்படும். ஆனால் ராயவாட்ஸுக்கு வேண்டியது ஓடுகிற கால்கள். தனியாகப் போராடிக்கொண்டிருந்த கியானுக்குப் பக்கத்தில் இன்னொரு முன்கள ஆள். எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் மோப்பம் பிடித்து நிற்கத் தெரிந்த ஒருவன். எட்டு கோல் அடித்த பையன் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

இந்த முடிவுதான் கானாவை அரையிறுதி வாசல்வரை கொண்டுபோனது. இதே முடிவுதான், சில நிமிடங்கள் கழித்து, வேறொரு விலையும் கேட்டது.

இரண்டையும் இந்த வாரமே சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள்.

கூடுதல் நேரம் முழுக்கக் கானாவின் ஆட்டம்தான். உருகுவே ஷூட்-அவுட்டுக்காகக் காத்திருந்தது போலத்தான் தெரிந்தது. கடைசி நிமிடத்தில், வலது பக்கம், கானாவுக்கு ஒரு ஃப்ரீ கிக். அது ஃபவுலே இல்லை என்று உருகுவேக்காரர்கள் இன்றுவரை வாதாடுவார்கள். நடுவர் போர்ச்சுகலின் ஒலெகாரியோ பென்கெரென்சா. விசில் ஊதிவிட்டார்.

கானாவின் பான்ட்சில் பந்தை வைக்கிறார்.

எல்லோருக்கும் தெரியும், இதுதான் கடைசி உதை.

பந்து பெனால்டி பகுதிக்குள் மிதந்து வருகிறது. முஸ்லேரா வெளியே பாய்கிறார். பந்து சிக்கவில்லை. ஒரு தள்ளுமுள்ளு. பந்து அப்பியாவின் காலடியில் விழுகிறது. ஸ்டீபன் அப்பியா, அணியின் பெரியண்ணன். கோலை நோக்கி உதைக்கிறார்.

கோட்டில் சுவாரெஸ். காலால் தடுக்கிறார். இது சட்டப்படி சரி. அபாரமான தடுப்பும்கூட.

பந்து எகிறி மேலே போகிறது.

அது இறங்குகிற இடத்தில் டொமினிக் நிற்கிறான்.

தற்செயலா? நான் அப்படி நினைக்கவில்லை. முன்கள ஆட்டக்காரனின் தொழிலே அதுதான். நூறு முறை அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். தொண்ணூற்றொன்பது முறை பந்து வராது. அந்த இளைஞர் கோப்பையில் அடித்த கோல்களெல்லாம் அவனுக்கு இப்படி நின்று நின்று கிடைத்தவைதான்.

கியான் அருகில்தான். அப்பியா அருகில்தான். எழும்பியவன் டொமினிக்.

முட்டினான்.

சரியான முட்டு. பலமாக, நேராக, கோலுக்குள்.

இப்போது சுவாரெஸின் மனசுக்குள் போவோம். அரை விநாடிதான் இருக்கிறது.

முதல் பந்தைக் காலால் தடுத்த ஆள் இன்னும் நிலைகொள்ளவில்லை. அடுத்த பந்து தலை உயரத்தில் வருகிறது. காலைத் தூக்க நேரமில்லை. தலையால் முட்டவும் தோது இல்லை. விட்டால் கோல். உருகுவே வீட்டுக்குப் போகும். தடுத்தால் சிவப்பு அட்டை, பெனால்டி. பெனால்டி என்றால் பத்தில் இரண்டு முறையாவது தவறும். கணக்குப் போட்டிருந்தால் கணக்கு சரிதான். ஆனால் அரை விநாடியில் யாரும் கணக்குப் போடுவதில்லை. மொந்தேவிதேயோவின் தெருக்களில் தோற்கப் பிடிக்காமல் வளர்ந்த ஒருவரின் கைகள் தாமாகவே எழும்பின.

இரண்டு கையும். வாலிபால் ஆடுவது போல.

பக்கத்தில் ஃபூசிலேயும் கையைத் தூக்கினார். அவருக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் வரலாறு வேறொருவரை வில்லனாக்கியிருக்கும்.

பந்து வெளியே வந்துவிட்டது.

விசில்.

சிவப்பு அட்டை. பெனால்டி.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி ஒரு விஷயம் பேச வேண்டும். ரக்பி ஆட்டத்தில், நிச்சயமான புள்ளியை எதிராளி கள்ளத்தனமாகத் தடுத்தால், நடுவர் புள்ளியையே கொடுத்துவிடலாம். கால்பந்தில் அந்த அதிகாரம் கிடையாது. கோலுக்குப் பதில் கோலடிக்கும் வாய்ப்புதான் கிடைக்கும். அதுவும் பந்தை முட்டியவனுக்கே கிடைக்க வேண்டும் என்று விதியில்லை. அணி யாரை அனுப்புகிறதோ அவர்.

ஆக, அந்த நொடியோடு அந்தப் பந்து டொமினிக்கின் கையை விட்டுப் போய்விட்டது. அவன் அடித்த கோல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. குற்றம் சுவாரெஸ் பெயரில். தண்டனை கியான் கையில்.

அவன் நடுவில் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கியான் ஏன் வந்தார் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தத் தொடரில் செர்பியாவுக்கு எதிராகப் பெனால்டி, கோல். ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பெனால்டி, கோல். அமெரிக்காவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் வெற்றி கோல். கானாவை அந்த இடம்வரை சுமந்து வந்தவரே அவர்தான். அவரை விட்டுவிட்டு யாரிடம் கொடுப்பது?

சுவாரெஸ் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதபடி சுரங்கப் பாதைக்கு நடக்கிறார். வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறார்.

கியான் ஓடிவருகிறார்.

வலது கால்.

பந்து குறுக்குக் கம்பத்தில் மோதி மேலே பறந்தது.

84,017 பேரின் வூவூசெலா சத்தம் ஒரு கணம் அறுந்துபோனது. சுரங்கப் பாதை வாசலில் ஒருவர் மட்டும் துள்ளிக் குதித்தார். அழுதுகொண்டிருந்த அதே ஆள்.

ஆட்டம் முடிந்தது. இனி ஷூட்-அவுட்.

இதுவரை நீங்கள் பார்த்த கதை. இனி வரும் பத்து நிமிடத்தை எல்லோரும் அப்ரேயுவின் கடைசி உதையோடு மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நான்காவது உதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உருகுவே முதலில். ஃபோர்லான், கோல்.

கானாவுக்கு முதல் ஆளாக யார் வருகிறார்? கியான்! சில நிமிடங்களுக்கு முன் ஒரு கண்டத்தின் கனவைக் கம்பத்தில் அடித்தவர். வேறு யாராக இருந்தாலும் தரையில் படுத்திருப்பார்கள். அவர் வந்தார். மேல் மூலையில் போட்டார். அந்த உதையின் துணிச்சலுக்கு ஈடாக இந்தத் தொடரில் நான் இதுவரை எதையும் எழுதவில்லை. தவறியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

விக்டோரினோ, கோல். அப்பியா, கோல்.

ஸ்காட்டி, கோல். கானாவின் கேப்டன் ஜான் மென்சா. தடுப்பாட்டக்காரர். அதிகம் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலிருந்தே போல உதைத்தார். முஸ்லேரா பிடித்துவிட்டார். உருகுவே 3, கானா 2.

அடுத்து மாக்ஸி பெரெய்ரா. பந்தை வானத்துக்கு அனுப்பினார்.

மைதானம் மறுபடி எழுந்து நின்றது. தவறு உருகுவே பக்கமும் வந்துவிட்டது. இப்போது கானாவின் நான்காவது ஆள் கோல் போட்டால் 3-3. எல்லாம் முதலிலிருந்து.

அந்த நான்காவது ஆள் நடுவட்டத்திலிருந்து நடக்கத் தொடங்கினான்.

டொமினிக்.

முன்டாரி களத்தில் இருந்திருந்தால் இந்த உதை அநேகமாக அவருடையது. 88-வது நிமிடத்து விலை என்றேனே, இதுதான். வெளியே போன அனுபவத்தின் இடத்துக்கு உள்ளே வந்த இளமை நடந்துபோகிறது. களத்தில் இன்னும் போவாட்டெங் இருக்கிறார். க்வாட்வோ அசமோவா இருக்கிறார். இருவருமே இவனைவிட மூத்தவர்கள். ஆனாலும் முன்கள ஆட்டக்காரன் பெனால்டி போடுவது ஊர் வழக்கம். உலக இளைஞர் கோப்பையின் கோல் மன்னனிடம் கேட்டால் மாட்டேன் என்றா சொல்வான்?

நடுவட்டத்திலிருந்து பெனால்டி புள்ளிவரை நாற்பது மீட்டருக்குச் சற்று அதிகம். அந்த நடையைப் பற்றி ஆட்டக்காரர்கள் சொல்வார்கள், வாழ்க்கையிலேயே நீளமான நடை என்று. இவனுக்கு அதில் இன்னொரு பாரமும் இருந்தது. சற்று முன்புதான் வலையை நோக்கிப் பந்தை அனுப்பியிருந்தான். கணக்கில் ஏறாத அனுப்பல். நியாயம் என்று ஒன்று இருந்தால் இந்த ஷூட்-அவுட்டே நடந்திருக்கக் கூடாது. அவனுக்கு அது தெரியும். அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

முஸ்லேராவுக்கும் தெரியும்.

பந்தை வைத்தான். பின்னால் போனான். ஓடிவந்தான்.

முஸ்லேரா தடுத்துவிட்டார்.

ஒரே இரவில், இரண்டு முறை. முதல் முறை தடுக்கக் கூடாதவர் தடுத்தார். இரண்டாம் முறை தடுக்க வேண்டியவர் தடுத்தார்.

மிச்சத்தை உலகமே அறியும். செபாஸ்டியன் அப்ரேயு. ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே 'லோக்கோ', கிறுக்கர். கானா கோல்கீப்பர் கிங்சன் ஒரு பக்கம் பாய, இவர் பந்தை மெல்லக் கோதி நடுவில் மிதக்கவிட்டார். 4-2. உருகுவே அரையிறுதியில். கானா வெளியே.

கியான் மைதானத்திலேயே உடைந்து அழுதார். அவரைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. கேமராக்கள் இருந்தன. பின்னாளில் அந்த உதைக்காக எத்தனை பேட்டிகள், எத்தனை கட்டுரைகள்! சுவாரெஸ் உள்ளே போய், தொடரின் சிறந்த சேவ் தன்னுடையதுதான் என்று பேசினார். பன்னிரண்டு வருடம் கழித்து, கத்தாரில் மறுபடி கானாவைச் சந்தித்தபோதும் மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார். பெனால்டியைத் தவறவிட்டது கானாக்காரர்தானே, நானில்லையே என்பது அவர் வாதம். எனக்கு அந்த வாதத்தில் கோபம் வருவதில்லை. அவர் விதியை மீறினார், விதிப்படி தண்டனையும் வாங்கினார், அரையிறுதியும் ஆடவில்லை. கோபம் எனக்கு விதியின் மேல்தான்.

ஆனால் இந்த இருவரின் வழக்கில் மூன்றாம் ஆளை யாரும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை. ஹீரோவுமில்லை, வில்லனுமில்லை. கோல் போட்டவனுமில்லை, கோலைத் தொலைத்தவன் என்று தூற்றப்பட்டவனுமில்லை. மறக்கப்பட்டான், அவ்வளவுதான். தூற்றப்படுவதற்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

சரி, அவனுக்கென்ன, மிலான் இருக்கிறதே! இருபது வயது. ஒரு தோல்வி. ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, ஆகஸ்டில் இத்தாலிக்குத் திரும்பினால் போதும். சான் சீரோ மைதானம் காத்திருக்கிறது.

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தக் கோடையில் மிலானில் என்னென்னவோ நடந்தது. பயிற்சியாளர் லியோனார்டோ போய்விட்டார். அலெக்ரி வந்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் இப்ராஹிமோவிச் வந்தார். ரொபீனியோ வந்தார். கவரிங் காலம் முடிந்து மறுபடி தங்கம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர்களோடு கானாக்காரர் ஒருவரும் வந்தார்.

டொமினிக் இல்லை. அவன்தான் ஏற்கெனவே அங்கே இருந்தானே.

வந்தவர் கெவின்-பிரின்ஸ் போவாட்டெங். அந்த இரவு சாக்கர் சிட்டியில் டொமினிக்கோடு தோளோடு தோள் நின்றவர். ஷூட்-அவுட்டில் முதல் நான்கு உதைகளில் வராதவர். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர். அவர் வந்தார், ஆடினார், அந்தப் பருவமே மிலான் இத்தாலியின் சாம்பியன்.

அதே ஆகஸ்டில் டொமினிக்குக்கும் ஒரு தகவல் வந்தது. பெட்டியைக் கட்டச் சொல்லி. ரெஜ்ஜினா. இத்தாலியின் தென்கோடி. இரண்டாம் டிவிஷன். கடனாக.

அங்கிருந்து செர்பியாவின் பார்ட்டிசான். அங்கிருந்து துருக்கியின் கார்ஷியாகா. அங்கிருந்து உக்ரைனின் ஆர்சனல் கீவ். அந்தக் கிளப் அவன் கண் முன்னாலேயே திவாலானது. அப்புறம் கஜகஸ்தான். அப்புறம் தாய்லாந்து.

மிலான் முதல் அணிக்காக டொமினிக் அடியியா ஒரே ஒரு அதிகாரப்பூர்வ ஆட்டம்கூட ஆடவில்லை.

ஒரு நிமிடம்கூட இல்லை.

உலகத்தின் சிறந்த இளம் ஆட்டக்காரன் என்று தேடிப்போய் வாங்கிய பையனை, ஏன் ஒரு முறைகூடக் களத்தில் இறக்கவில்லை? அதற்கான விடையின் ஒரு பாதி மிலானெல்லோ பயிற்சி மைதானத்தில் இருக்கிறது. மறுபாதி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இத்தாலி போட்டிருந்த ஒரு கணக்கில் இருக்கிறது. அடுத்த வாரம் மிலானெல்லோவின் கேட்டைத் திறந்து உள்ளே போவோம். வந்துவிடுங்கள்.